செங்கல் சுவர் வீடு

பினாங்கின் சூலியா தெருவுக்குள் கார் திரும்பும்போது ஜெயலெட்சுமி நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தாள். எடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் விரல் நுனியிலேயே வைத்திருந்துவிட்டு, டிஷ்யூவில் ஒட்டிச் சுருட்டினாள். அப்புறம் தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளிக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் திருநாவுக்கரசு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, முதல்நாளே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது அவனுக்கு என்னமோ போலாகிவிட்டது.

"நல்லா இருக்கா?" என்றாள்.

"சீனச்சி மாதிரியே இருக்க."

"சீனச்சிதானே லா நான்."

வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு அவள் இரண்டு நாள் முகம் கொடுத்திருக்க மாட்டாள். பிறந்தது ஒரு சீனக் குடும்பத்தில். வரிசையாகப் பெண்ணாகப் பிறக்கிறதே என்று சலித்துப்போன அவர்கள், கைக்குழந்தையை சுங்கை பினாங்கில் பிள்ளையில்லாத ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வளர்ந்தது, படித்தது, சண்டை போட்டது, சாமி கும்பிட்டது எல்லாம் தமிழில்தான். பிறப்புப் பத்திரத்தை மாற்ற வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அடையாள அட்டையில் அவள் லிம் சியூ லான். மற்ற எல்லா இடத்திலும் ஜெயலெட்சுமி. கோயிலில் யாராவது, "சீனப் பொண்ணு, எவ்வளவு அழகா தமிழ் பேசுது பாரேன்" என்று சொல்லிவிட்டால் போச்சு, "நீங்களுந்தான் நல்லா பேசுறீங்க அக்கா" என்று முகத்துக்கு நேரே கொடுத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் இன்றைக்குத் தானாகவே பொட்டை எடுக்கிறாள்.

எல்லாம் அந்த வீட்டுக்காகத்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகத் திருநாவுக்கரசின் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் வாசம். பிள்ளை இல்லை. அண்ணி நல்லவள்தான், ஆனால் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "இவங்களுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லித்தான் காபி கொடுப்பாள். அந்தக் காபியை அடுப்படியில் கலக்கிக்கொண்டிருப்பவள் ஜெயலெட்சுமி. பழைய கிடங்கு ஒன்றைப் பிரித்து லாஃப்ட் வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள் என்ற விளம்பரத்தைத் தான் வேலை பார்க்கும் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவள், அன்று சாயங்காலமே போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். பூசாத செங்கல் சுவர். ஆளைவிட உயரமான ஜன்னல்கள். இரும்புப் படி ஏறினால் பரண் மாதிரி ஒரு மேல்தளம், அங்கே கட்டில். பரணில் படுக்க இத்தனை வாடகையா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "இங்க நான் சத்தமா பாட்டு வைப்பேன்" என்றாள். வாயைத் திறந்து அவள் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. புக்கிட் தெங்கா கம்பெனியில் அவனுக்குப் பதவி உயர்வும் வந்திருந்தது. சரி என்று உடனே ஏஜெண்டைக் கூப்பிட்டான்.

மிஸ் ஊய் என்ற அந்தப் பெண் தேனாகத்தான் பேசினாள், அவன் பெயரைக் கேட்கும்வரை. கேட்டதும், "சாரி ஆ, நேத்துதான் ஆள் வந்துட்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்தும் விளம்பரம் அப்படியே இருந்தது. ஜெயலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு தன் போனிலிருந்து, பினாங்குக் கடைத்தெருவில் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் சீன மொழியான ஹொக்கியனில் பேசி, லிம் என்று பெயரைச் சொன்னாள். வீடு காலி, நாளைக்கே வரலாம் என்றது அதே குரல்.

"முதல்ல சாவி கைக்கு வரட்டும். அப்புறம் யாரு வந்து கேக்கப்போறா?" என்றாள் ஜெயலெட்சுமி. அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவளை முனையிலேயே இறக்கிவிட்டுக் காரை நிறுத்திவிட்டு, மீரா சாகிப் டீக்கடையில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் கிடங்கின் மேல்மாடி ஜன்னல்கள் தெரிந்தன. குடிவரப்போகும் வீட்டைத் தெருவில் உட்கார்ந்து திருடன் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆற்றிக் கொடுத்த தே தாரிக் டீ ஆடை கட்டிப்போனது. "என்ன தம்பி, குடிக்கலையா?" என்று கேட்ட மீரா சாகிப்பிடம், "சூடு ஆறட்டும் பாய்" என்றான். அது ஆறிப் பச்சைத் தண்ணீராகி வெகுநேரம் ஆகியிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. "இறங்குறேன்" என்று அவளிடமிருந்து செய்தி வந்தது. அங்கேதான் மனிதன் கோட்டைவிட்டான். மழை பெய்தால் அவளை வாசலில் போய் ஏற்றிக்கொள்வது இத்தனை வருஷப் பழக்கம். யோசிக்காமல் ஓடிப்போய்க் காரை எடுத்துக் கிடங்கு வாசலில் கொண்டு நிறுத்திவிட்டான். கதவைத் திறந்துகொண்டு ஜெயலெட்சுமி வந்தாள். பக்கத்தில் குடையோடு மிஸ் ஊய்.

"வா, உன் கிராப் டாக்சி வந்தாச்சே! சீக்கிரம்!" என்று மிஸ் ஊய் பின்கதவைத் திறந்து அவளை உள்ளே தள்ளித் தானும் ஏறிக்கொண்டாள். ஆபீஸ் பக்கத்திலேதான், அங்கே வந்து கையெழுத்துப் போட்டுவிடலாம், மழையில் நான் எங்கே நடப்பது என்று ஹொக்கியனில் சிரித்தாள். பிறகு முன்னால் குனிந்து, "பாஸ், கிராப் தானே?" என்று மலாயில் கேட்டாள்.

திருநாவுக்கரசு திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துபோகும். அந்த வார்த்தையை யார் சொல்வது? போனில் கேட்ட குரலென்று மிஸ் ஊய் கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயம் வேறு.

"யா, யா," என்றான்.

காரை நகர்த்தினான். பினாங்கில் பிறந்தவனுக்கு ஹொக்கியன் புரியாதா என்ன? மிஸ் ஊய்க்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. உனக்கு அதிர்ஷ்டம் என்றாள். வீட்டுக்காரம்மாவுக்கு உன்னைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, போன வாரம் ஓர் இந்தியன் கூப்பிட்டான், எனக்கொன்றும் இல்லை, அந்த அம்மாவுக்குத்தான் ஆகாது, சுவரில் மசாலா வாசம் ஏறிவிடும் என்று பயப்படுகிறாள் என்றாள். சொல்லிவிட்டு, ஓட்டுநர் பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, "நல்ல மழை இல்ல, பாஸ்?" என்று மலாயில் அன்பாக விசாரித்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது இருக்கலாம். "ஆமா, நல்ல மழை" என்று பதில் சொன்னான். ஜெயலெட்சுமி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, ஊம், ஊம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆபீஸ் வாசலில் மிஸ் ஊய் இறங்கிக் குடையை விரித்துப் பிடித்தாள். ஜெயலெட்சுமி உடனே இறங்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் அவள் மூச்சு மட்டும் கேட்டது. "என்னங்க" என்று கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தான். கூப்பிடட்டும் என்று ஒரு மனம், ஐயோ வேண்டாம் என்று இன்னொரு மனம். அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நிற்க இடமில்லை. அங்கெல்லாம் ஒருவழித் தெருக்கள், நகர்ந்தால் சுற்றித்தான் வர வேண்டும். ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் பேனா. எழுதாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போதே போன் பண்ணலாம். பண்ணி என்ன சொல்வது? போடாதே என்று சொல்ல வாய் வருமா, அந்தப் பதினாறு வருஷக் காபிக்குப் பிறகு? போடு என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. மறுபடி ஹாரன். மறுபடி சுற்றினான். மழையில் வைப்பர் அடிக்க அடிக்கத் தெரு மங்கிக்கொண்டேயிருந்தது. ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். கை வலித்ததுதான் மிச்சம்.

இந்தத் தடவை அவள் நடைபாதையில் நின்றிருந்தாள். பக்கத்தில் வழியனுப்ப மிஸ் ஊய். அவன் நிறுத்தி, பழக்கதோஷத்தில் கையை நீட்டி முன்சீட்டிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தான். ஜெயலெட்சுமி அதைப் பார்த்தாள். ஒரு நொடி நின்றாள். பிறகு பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். மிஸ் ஊய் கண்ணாடியைத் தட்டி, "பத்திரமா ஓட்டுங்க பாஸ்" என்றாள்.

கார் தெருமுனை திரும்பியது. இனி அந்த ஏஜெண்டின் கண்ணில் படாது. அவன் வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்ட இடப்பக்கச் சிக்னலைப் போட்டான்.

"முன்னாடி வர்றியா ஜெயா?"

அவள் பின்சீட்டை விட்டு அசையாமல், "கையெழுத்துப் போட்டுட்டேங்க. ஒண்ணாந்தேதி சாவி" என்றாள்.

"ம்."

"வீட்டுக்காரம்மா வேற எங்கயோ இருக்கும்னு நெனச்சேன். இல்லைங்க. அதே மாடிதான். எதிர்க்கதவு." குரல் உடைந்தது. "எந்நேரமும் கதவைத் தொறந்து போட்டுட்டு உக்காந்திருப்பாங்களாம். துணையா இருக்கும் உனக்குன்னு ஏஜெண்டு சொன்னாங்க."

"அப்ப நான் எப்படிலா வர்றது?" என்றான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அவன் காரை ஓரம் கட்டவும் இல்லை, வேகமாக ஓட்டவும் இல்லை. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக அவனைச் சுற்றிக்கொண்டு போயின. பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. இடப்பக்க விளக்கு மட்டும் டிக் டிக்கென்று மழைக்குள் மினுக்கிக்கொண்டேயிருந்தது.