குட்டி ஜன்னலும் ஊதா விளக்கும்

பிரேசில் நாட்டின் மலை நகரமான பெலோ ஒரிசோண்டேயில் இருக்கிறவர்களில் சில பேருக்குக் கடல் என்றால் ஒரு கிறுக்கு. கடற்கரையில் பிறந்தவன் கடலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவர்களுக்கோ பஸ்ஸில் மணிக்கணக்காகக் குலுங்கி மலையெல்லாம் இறங்கினால்தான் உப்புக் காற்று முகத்தில் படும். பொறுக்க முடியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, உப்பைக் கரைத்து, பவளம் வளர்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அதெமாரும் அப்படித்தான் உட்கார்ந்தான். ஆனால் அவனை உட்காரவைத்தது கடல் இல்லை, ஜுரேமா.

அதெமாருக்குக் கூவுவதுதான் தொழில். கடைத்தெருவில் ஒரு மெத்தைக் கடை வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். போகிறவர் வருகிறவரையெல்லாம் ஏழு ஜென்மமாகத் தெரிந்தவன் போலக் கூப்பிட்டு, சிரிக்கவைத்து, உள்ளே தள்ளிவிடுவான். நாற்பதை நெருங்கியும் தனிக்கட்டை. முகம் சுமார்தான், சிரிப்பு மட்டும் அபாரம். பிழைப்பே அந்தச் சிரிப்பில்தான் ஓடியது.

அந்தச் சிரிப்பில் ஒரு பல் பொய். அதுவும் மேல் வரிசையில் நட்டநடு முன்பல். வாலிப வயதில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், பெண் ஒருத்தி பார்க்கிறாளே என்று பீர் பாட்டிலைப் பல்லால் கடித்துத் திறந்து காட்டினான். மூடி வந்தது, கூடவே பல்லும் வந்தது. அந்தப் பெண், பாட்டில் திறப்பான் வைத்திருந்தவனோடு ஆடப் போய்விட்டாள். அதன்பிறகு கட்டிய பீங்கான் பல்லைப் பகலில் பத்து விரல் தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் பொய் என்று சொல்ல முடியாது. அவன் அம்மாவே மறந்துவிட்டாள். அவன் மறக்கவில்லை. ஒரு பெண் முன்னால் பொக்கையாக நின்ற அந்த அவமானம் இத்தனை வருஷம் கழித்தும் அவனுக்குக் காதைச் சுட்டது.

ஜுரேமாவை அவன் பார்த்தது ஒட்டாசிலியோ என்பவரின் வளர்ப்பு மீன் கடையில். மழைக்கு ஒதுங்கப் போனவன் வேடிக்கை பார்த்துக்கொண்டே பின்னறைக்குள் நுழைந்துவிட்டான். பவளம் வைத்திருக்கும் அறை அது. ஒரே இருட்டு. தொட்டிகளுக்கு மேலே மட்டும் நீலமும் ஊதாவுமாக விளக்குகள். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். இந்த மீன்களுக்கெல்லாம் மெத்தை வேண்டாமா, பாவம் கல்லில் படுக்கின்றனவே என்று அவன் ஆரம்பித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் குபீரென்று சிரித்துவிட்டாள். கையிலிருந்த பவளம் நழுவித் தண்ணீரில் விழுகிற அளவுக்குச் சிரித்தாள். தன் ஜோக்குக்கு இப்படி ஒரு பெண் சிரித்து அதெமார் பார்த்ததே இல்லை. அன்றைக்கே அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரம் ஒரு தொட்டி வாங்கிவிட்டான்.

சனிக்கிழமை மதியங்களில் அந்தப் பின்னறையில் பவளக்காரர்கள் கூடுவார்கள். அதெமார் வாயைத் திறந்தாலே கூட்டம் சிரித்தது. சில சமயம் ஜோக்கை முடிப்பதற்குள்ளேயே சிரித்தது. இவர்களல்லவோ ரசிகர்கள் என்று அவன் பூரித்துப்போனான். அவர்களே அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள்: குட்டி ஜன்னல். அவன் குடியிருந்த வீட்டில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் தட்டு அகலம்தான். தொட்டியை அதன் பக்கத்தில் வைக்கலாமா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டிருந்தான். அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்தான். பட்டப்பெயர் வைத்துவிட்டால் அந்த ஊரில் ஒருவனைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜுரேமா ஒருநாள் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னாள். "உன் சிரிப்பு நல்ல காத்தோட்டமான சிரிப்பு" என்றாள். அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாரம் மெத்தை விற்றான். கூட்டம் முடிந்து இருவரும் தெருமுனைக் கடையில் காபி குடிக்கும்போது, வெயிலில் அவள் அவன் வாயையே உற்று உற்றுப் பார்ப்பாள். இது காதல் இல்லையென்றால் வேறென்ன?

தொட்டித் தண்ணீர் பதப்பட்டு, இரண்டு கோமாளி மீன்களும் விட்டாயிற்று. இனி பவளம்தான். ஜுரேமா தன் தொட்டியில் ஒரு கல் முழுக்கப் பூத்துக் கிடந்த பொத்தான் பவளத்துக்கு ஜூன் திருவிழா என்று பெயர் வைத்திருந்தாள். ஓரம் பச்சை, நடுவில் ஆரஞ்சு. ஊதா வெளிச்சம் பட்டால், அந்தத் திருவிழாவில் மூட்டும் சொக்கப்பனையின் தீப்பொறி மாதிரி எரியும். அதில் ஒரு துண்டை வெட்டி அவனுக்குத் தருவதாகச் சொன்னாள். யாருக்கும் லேசில் கொடுக்காதவள். ஞாயிற்றுக்கிழமை அவளே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாளாம். விளக்கை முதலில் பார்ப்பாளாம், பிடித்தால்தான் பெட்டியைத் திறப்பாளாம். அதெமாருக்கு வேறொரு திட்டம் இருந்தது. பவளம் தண்ணீரில் இறங்கியதும் அவளிடம் கேட்டுவிட வேண்டும். என்னோடு சேர்ந்து இருக்கிறாயா என்று நேராகவே கேட்டுவிட வேண்டும்.

விளக்கு வாங்க ஒட்டாசிலியோவிடம் போனான். கடைக்காரர் பெரிய தொப்பைக்காரர், நிதானமானவர். இரண்டு எல்.இ.டி. விளக்குகளை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று வெள்ளை தூக்கலானது. பகல் மாதிரி இருக்கும், மீன் அழகாகத் தெரியும், பவளமும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் பழுப்பாகத்தான் தெரியும். இன்னொன்று நீலமும் ஊதாவும் தூக்கலானது. ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், பவளம் பற்றி எரிகிற மாதிரி இருக்கும். எதை வாங்கினாலும் முதல் நாளே முழு வெளிச்சம் வைத்துவிடாதே, வெந்துபோகும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்றார். சின்னத் தொட்டிக்கு இரண்டுமே போதும் என்றார்.

"ஜுரேமாவுக்கு எது பிடிக்கும்ணே?"

"தம்பி, விளக்கு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார் ஒட்டாசிலியோ. பிறகு ஊதாவை அவன் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் அதெமார் விளக்கை மாட்டினான். குட்டி ஜன்னலுக்குத் திரையை இழுத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, ஊதாவை ஏற்றினான். அடடா. பாறையெல்லாம் ஆழ்கடலாயிற்று. கோமாளி மீன்கள் இரண்டும் ராஜா ராணி மாதிரி திரிந்தன. அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டை நிலா வெளிச்சத்தில் காயப்போட்டது போல மின்னியது. சந்தோஷம் தாங்காமல் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தான். எதிரே அலமாரிக் கண்ணாடியில் இன்னொருவனும் சிரித்தான். அவனுக்குப் பல்வரிசை நீல வெள்ளையாக ஜொலித்தது. நட்டநடுவில் மட்டும் ஒரு கரிய ஓட்டை.

காபித் தூள் ஒட்டியிருக்கும் என்று நாக்கால் தடவினான். பிறகு தேய்த்தான். கொப்பளித்தான். ஓட்டை போகவில்லை. அறை விளக்கைப் போட்டால் பல் வந்தது, அணைத்தால் போனது. நிஜப் பல்லெல்லாம் அந்த ஊதாவில் ஒளிவிட, பீங்கான் மட்டும் கல்லுளிமங்கனாக இருட்டிலேயே உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த குட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு முழ தூரத்தில் பல்லிளிக்கப்போகிறது.

பல் டாக்டருக்கு போன் போட்டான். ஒளிவிடுகிற மாதிரி வேறு பல் செய்யலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்காது என்றார் அவர். அதெமார் உதட்டை மூடிக்கொண்டு பேசிப் பார்த்தான். மெத்தைக் கடையில் அன்று ஒருவரும் உள்ளே போகவில்லை. முதலாளி வந்து, வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

அப்போதுதான் சட்டை நினைவுக்கு வந்தது. சட்டை ஏன் மின்னியது? சலவைத் தூளால். சட்டைக்கு மின்னுவது பல்லுக்கு மின்னாதா? இந்த யோசனை ஒரு வளர்ந்த மனிதனுக்கு வரலாமா என்று கேட்காதீர்கள், காதலில் விழுந்தவனுக்கு எல்லாம் வரும். சலவைத் தூளைக் குழைத்து அந்த ஒற்றைப் பல்லில் பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். பல் மின்னத்தான் செய்தது. "ஜுரேமா" என்று சொல்லிப் பார்த்தான். மா வருவதற்குள் வாயிலிருந்து நுரை புறப்பட்டது. அன்று முழுக்க அவன் ஏப்பத்தில் எலுமிச்சை வாசனை.

தோற்றுப்போய் மறுபடி ஒட்டாசிலியோவிடம் போய், ஊதா கண்ணைக் கூசுகிறது, வெள்ளையையே கொடுத்துவிடுங்கள் என்றான். ஒட்டாசிலியோ அவன் மூடிய உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெள்ளை விளக்கையும் எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டும் உன்னிடமே இருக்கட்டும், எது வேண்டாமோ அதைத் திங்கட்கிழமை கொண்டு வா என்று அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜுரேமா வந்தாள். ஒரு கையில் சூடான சீஸ் பன் பொட்டலம், இன்னொரு கையில் தெர்மோகோல் பெட்டி. காதில் நீளமான தோடு வேறு. அதெமாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொட்டியின் மேல் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்தாள்.

"என்ன இது, ஆஸ்பத்திரியா?"

"இல்ல, அந்த ஊதா கொஞ்சம் கண்ணு கூசுது."

"யாருக்கு?"

"மீனுக்கு."

"மீனு உன்கிட்ட வந்து சொல்லுச்சா?" என்றாள். பெட்டியை அவள் திறக்கவில்லை. மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இங்க பாரு அதெமார். இந்த வெளிச்சத்துல இது செத்தெல்லாம் போகாது. ஆனா அத்தனை கலரையும் உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்டு, யாருக்கும் காட்டாம, பழுப்பா ஒரு மூலையில உக்காந்திருக்கும். அதுக்கு எங்க வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டுமே."

பெட்டியோடு எழுந்துவிட்டாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், முகம் வாடிப்போய் எழுந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அந்தப் பீங்கான் பல்லைப் பிடுங்கித் தொட்டிக்குள் எறியலாம் போலிருந்தது.

"இரு" என்றான்.

கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருந்த ஊதா விளக்கை எடுத்தான். வெள்ளையைக் கழற்றி அதை மாட்டினான். திரையை இழுத்துவிட்டான். ஸ்விட்சைப் போட்டபின் அவள் பக்கம் திரும்பாமல் தொட்டியைப் பார்த்தபடியே நின்றான்.

"ஒண்ணு சொல்லணும். எனக்கு ஒரு பல்லு பொய். இந்த வெளிச்சத்துல அது இல்லாத மாதிரி தெரியும். நிஜமாவே இல்லதான். பாத்துட்டு எதுன்னாலும் சொல்லிடு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, திரும்பி, வாயை அகலமாக இளித்தான். பிறகு பெட்டியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு, பவளத்தை நழுவவிட்ட அதே சிரிப்பு.

"அதான் தெரியுமே."

"எப்பயிலருந்து?"

"மழைக்கு ஒதுங்குனியே, அன்னையிலருந்து. கடையில எல்லாருக்குந்தான் தெரியும். ஊதா விளக்குக்குக் கீழ நின்னுக்கிட்டு வாரா வாரம் இளிச்சா தெரியாதா? பின்ன எதுக்கு உன்னை குட்டி ஜன்னல்னு கூப்பிடறோம்?"

"எங்க வீட்டு ஜன்னலு..." என்று இழுத்தான் அதெமார்.

"உங்க வீட்டுல ஜன்னல் இருக்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

முன்பல் விழுந்த பிள்ளைகளை அந்த ஊரில் குட்டி ஜன்னல் என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? அவன் அக்கா மகளையே போன வருஷம் அவன் அப்படித்தான் கூப்பிட்டு அழவிட்டான். கூட்டம் ஜோக் முடிவதற்குள் சிரித்ததும், காத்தோட்டமான சிரிப்பும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அசடு வழிந்தது. ஆனால் வழிந்து முடித்ததும், மனசு ஏனோ லேசாகிவிட்டது.

"அப்ப காபிக் கடையில என் வாயையே பாப்பியே, அது?"

"வெயில்ல நீ வேற யாரோ மாதிரி இருக்க. நம்ம ஜன்னல் எங்க போச்சுன்னு தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள். "எனக்குப் பிடிச்சவன் இவன்தான், இந்த வெளிச்சத்துல இருக்கறவன்."

பெட்டியைத் திறந்து, துண்டைத் தண்ணீருக்குப் பழக்கி, பாறையில் ஒரு நல்ல இடமாகப் பார்த்து வைத்தாள். பயணக் களைப்பில் பொத்தான்களெல்லாம் இறுக மூடிக் கிடந்தன. இப்போதைக்கு விளக்கைக் குறை, இன்னும் குறை என்றாள். அவன் குறைத்துக்கொண்டே போனான். கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது கொஞ்சம் ஊதாதான். மீன் தெரியவில்லை, பாறை தெரியவில்லை, அவள் முகமும் தெரியவில்லை. இருவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சீஸ் பன்னைத் தடவித் தடவி எடுத்துத் தின்றுகொண்டு, பவளம் விரிவதற்குக் காத்திருந்தார்கள்.

அதெமார் கேட்க வேண்டியதைக் கேட்டான். மைக்கில் கூவிப் பழகிய குரல், பாதியில் உடைந்துபோயிற்று.

இருட்டில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அவனுக்கு வெகு பக்கத்தில், ஜுரேமாவின் பல்வரிசை முழுக்க நீலமாக ஒளிவிட்டது.