கயிற்றின் மேல்முனை

படகுத்துறையில் அவரை எல்லாரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டார். வந்தாலும் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவார் என்பதால் வந்த பெயர். இருபது வருஷம் படகுகளின் அடிவயிற்றைச் சுரண்டியே குடும்பம் நடத்திய மனிதர். இரண்டு வருஷமாக அவர் இறங்குவதில்லை. இறங்குவது அவர் மனைவி. அவர் மேலே மிதவைப் பலகையில் உட்கார்ந்து, அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இந்த ஏற்பாடு துறையில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவள் நாத்தனாருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் படகுகளுக்கு கேன்வாஸ் உறை தைக்கிறவள் அவள். கையில் ஊசி இல்லாத நேரத்தில் வாயால் குத்துவாள்.

"அண்ணி, எங்கண்ணனுக்குக் காலைல சாப்டோமா இல்லையான்னே ஞாபகம் இருக்கறதில்ல. அந்த ஆள் கையில உங்க மூச்சைக் குடுத்துட்டு இறங்குறீங்களே, உங்களுக்கென்ன கழண்டு போச்சா?"

"சாப்பாடுதான் மறக்குது. வேலை மறக்கல."

அது உண்மைதான். செருப்பைக் கழற்றிய இடம் மறக்கும், கிழமை மறக்கும். ஆனால் காலையில், அடியில் இருப்பவருக்குக் குழாய் வழியே மூச்சுக்காற்று அனுப்பும் கம்ப்ரஸர் முன்னால் குந்தினாரென்றால் பழைய ஆள்தான். எண்ணெய், பெட்ரோல், வடிகட்டி. காற்றுக்குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். மிஷின் காற்றை இழுக்கும் குழாயின் வாயை ஆளுயரக் கம்பத்தில் கட்டி, காற்று வரும் பக்கமாக நிறுத்துவார். மிஷின் கக்கும் புகை மறுபக்கம் போகவேண்டும். கம்பத்து நுனியில் ஒரு மஞ்சள் துணிக் கிழிசல், காற்று திரும்பினால் காட்டிக்கொடுக்க. பிறகு படகின் எஞ்சின் சாவியை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொள்வார். அவள் அடியில் இருக்கும்போது யாரும் படகடியிலுள்ள விசிறியைச் சுழற்றிவிடக் கூடாது. கடைசியாக, ஆபத்துக்கென்று அவள் இடுப்பில் தொங்கும் சின்ன சிலிண்டரைத் தன் வாயிலேயே வைத்து இரண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பார். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார். அவள் பதிலுக்கு ஒரு இழுப்பு. நலமா, நலம்தான். அவ்வளவே பேச்சு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழே இருந்தவர் அவர். மேல்முனை அவள் கையில் இருந்தது. அன்று காற்று திரும்பியது. மஞ்சள் துணி எதிர்ப்பக்கம் பறந்தது. அவள் பார்க்கவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, அக்காவோடு ஏதோ கல்யாண வீட்டு வம்பு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மிஷினின் புகையை மிஷினே இழுத்து அவருக்கு அனுப்பியது. நிறமும் மணமும் இல்லாத விஷம். பதில் இழுப்பு வராமல் போனபோதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

உயிர் மேலே வந்தது. ஞாபகத்தில் பாதி தண்ணீரிலேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்து, விசாரித்தவர்களிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம், "குழாய் கம்பத்துலேர்ந்து நழுவிடுச்சு." குழாய் நழுவவில்லை. அவர் போட்ட முடிச்சு எந்தக் காலத்திலும் நழுவியதில்லை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குப்பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் யார் சொல்லியும் அவள் கேட்கவில்லை. கயிறு கையிலிருக்கும் நேரத்தில் மட்டும் அவர் முகம் பழைய முகமாக இருந்தது. அதை எப்படிப் பிடுங்குவது?

அன்று பயணிகள் படகு. அகலமான, தட்டையான அடிப்பாகம். நடுவில் எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் வாயைச் சிப்பிகள் அடைத்துக்கொண்டிருந்தன.

"ஆமை வீட்டுல மீன் இறங்குது, வழி விடுங்கப்பா!" என்று படகோட்டி சாவியை நீட்டினார்.

"மீனுக்குச் செதில் வேற முளைச்சிருக்கு. ராத்திரியெல்லாம் குத்துது," என்றார் அவர். பலகையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவள் வெட்கத்தோடு முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

முதல் இழுப்பு சரியாக வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அவள் மல்லாந்து மிதந்தபடி சிப்பிகளைப் பெயர்த்தாள். முகத்துக்கு ஒரு முழம் மேலே படகின் கறுத்த வயிறு. ஐந்தாவது இழுப்புக்கு நேரமாகிறதே என்று நினைத்தபோது, காதில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த மிஷினின் முனகல் நின்றுபோயிருந்தது தெரிந்தது.

காற்று கெட்டியாயிற்று. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது பாதி வந்தது. அதற்கடுத்தது வரவில்லை.

கயிற்றை இழுத்தாள். கயிறு தடையே இல்லாமல் அவளை நோக்கி நீந்தி வந்தது. மேலே அதை யாரும் பிடித்திருக்கவில்லை. கைதான் பழக்கத்தில் சின்ன சிலிண்டரைத் தேடி எடுத்து வாயில் வைத்தது. அவர் சோதித்த காற்று, குளிர்ந்து வந்தது. படகின் வயிற்றைத் தடவித் தடவி விளிம்புக்கு வந்தாள். 'ஏறும்போது மூச்சைப் பிடிக்காதடி, விட்டுக்கிட்டே வா' என்று அவர் ஆயிரம் தடவை சொன்னது காதில் கேட்க, குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே ஏறினாள்.

அவர் பலகையில் தனியாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மிஷின் அணைந்து கிடந்தது. கயிற்றின் மீதி பக்கத்தில் அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. இரண்டு டம்ளர் டீ. ஒன்று அவர் கையில். இன்னொன்று, ஆறிப்போகாமல், மூடி போட்டு.

"அட, எப்ப மறுபடி இறங்குன?" என்று சிரித்தார். "வேலை முடிஞ்சு நீ மேல வந்துட்டேன்னுல்ல நினைச்சேன்." அவள் வாயிலிருந்த சின்ன சிலிண்டரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. "இதை ஏன் போட்டிருக்க? என்ன ஆச்சு?"

"மிஷின் நின்னு போச்சுங்க." சிலிண்டரை எடுத்ததும், யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நின்னு போச்சா? என் மிஷினா?"

டம்ளரை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு மறந்துடுவேன். கோளாறைக் கண்டுபிடிக்காம உன்னை இறக்க மாட்டேன்."

வெயில் உச்சிக்கு வரும்வரை பார்த்தார். பிளக்கில் கரி இல்லை. பெட்ரோல் முக்கால் பங்கு இருந்தது. வடிகட்டி சுத்தம். ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் வரிசையாக வைத்தார். கடைசியில் ஓரத்திலிருந்த தகர மூடியைத் தூக்கினார். யாருடைய காலோ கையோ பட்டு மிஷின் அணைந்துவிடக் கூடாதென்று, சுவிட்சுக்கு மேல் அவரே அடித்துப் பொருத்திய மூடி அது. உள்ளே சுவிட்ச் அணைந்த பக்கம் திரும்பியிருந்தது.

"இதைக் கையால திருப்பினாத்தான் உண்டு," என்றார் மெதுவாக.

"நான்தாங்க... மேல வந்ததும் அணைச்சேன்."

"நின்னுபோன மிஷினை எதுக்கு அணைச்ச?"

அவர் மூடி போட்ட டம்ளரைப் பார்த்தார். சுருட்டிய கயிற்றைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும், வேறு யாருடையவோ போல, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் இப்படித்தான சொன்னேன்? குழாய் நழுவிடுச்சுன்னு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அது இருக்கு. இருக்கவேண்டியதெல்லாம் போயிடுச்சு, அது மட்டும் இருக்கு."

"நான் அக்காகூடப் போன்ல..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. நனைந்த உடையோடு பலகையில் சரிந்து உட்கார்ந்து, இரண்டு வருஷத்து அழுகையை அழுதாள்.

"தெரியும்டி. சிரிச்சிட்டிருந்த. நீ சிரிச்சா கயிறு ஆடும். கீழ எனக்குத் தெரியும். என்னமோ சந்தோஷமா இருக்கா, இருக்கட்டும்னு நினைச்சேன். அப்புறம் ஒண்ணும் தெரியல."

அவள் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். கிரீஸ் படிந்த கையால் அவர் அவள் தலையைத் தடவினார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பித் தங்கையைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார்.

தங்கை வாயில் ஊசியோடு வந்தாள். அண்ணன் தன் கழுத்திலிருந்த சாவியை எடுத்து அவள் கழுத்தில் மாட்டியதும் ஊசியை எடுத்துவிட்டாள்.

"மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை," என்றார். "போன் கையில இருக்கக் கூடாது. அந்த மஞ்சள் துணியை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது."

எத்தனையோ நாள் இதற்காகச் சண்டை போட்டவள், கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தைக்கிற கைண்ணே. நூல் நழுவாது," என்றாள்.

"நீ சரி. நாளைக்குக் காலைல நான் இதை மறந்துட்டு வந்து கயித்துக்குக் கையை நீட்டுவேனே, அப்ப என்ன பண்ணுவீங்க ரெண்டு பேரும்?"

அவர், படகுக்கு நம்பர் எழுதும் வெள்ளைப் பெயின்டையும் தூரிகையையும் கேட்டு வாங்கினார். சுவிட்சின் தகர மூடியைத் தூக்கி, அதன் உள்பக்கத்தில் எழுதினார். 'கயிறு தங்கச்சியிடம். நீ பிடிக்காதே.' காயும்வரை ஊதினார்.

இப்போதும் காலையில் அவர்தான் மிஷின் முன்னால் குந்துகிறார். எண்ணெய், பெட்ரோல், வடிகட்டி, சோப்புத் தண்ணீர். அவர் பார்த்து முடித்ததையெல்லாம் தங்கை அவருக்குத் தெரியாமல் இன்னொரு தடவை பார்த்துவிடுகிறாள். அவர் சின்ன சிலிண்டரில் இரண்டு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து உற்சாகமாகக் கயிற்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார். பிறகு மிஷினைப் போடுவதற்காகத் தகர மூடியைத் தூக்குகிறார்.

தினமும் அந்த இடத்தில் அவர் மனைவி குனிந்து முகக்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருப்பாள். கழுவியதையே மறுபடி கழுவுவாள். அவர் அதைப் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க இன்னும் அவளுக்குத் தெம்பு வரவில்லை. மணிக்கட்டிலிருந்து கயிறு அவிழும் சத்தம் கேட்கும். "இந்தாம்மா, பாத்துப் பிடி," என்று தங்கையிடம் சொல்வது கேட்கும். அப்புறம்தான் அவள் நிமிர்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்குவாள்.