புருவத்துக்கு மேலே ஒரு கோடு

அம்மாவின் மூக்கை என்ன செய்வது என்பதில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அவள் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முன்னால் அப்பா, அத்தை, அண்ணன், சின்னவள். திரையில் அம்மா. அண்ணன் கல்யாணத்துக் கும்பல் படத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த உருவம். முப்பத்திநாலு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் தனியாக நின்ற படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதிலும் கையில் தட்டு இருந்தது. ஸ்டுடியோக்காரர் முதலில் அந்தத் தட்டை எடுத்தார். அவள் கையிலிருந்து ஒருவர் தட்டை வாங்கியது அதுதான் முதல் தடவை.

"மூக்கு சப்பையா தெரியுதே," என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை. "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படிக் கிடையாது."

"அம்மா உங்க பக்கம் இல்லையே அத்தை," என்றாள் சின்னவள்.

அண்ணனுக்கு நரை பிடிக்கவில்லை. அத்தைக்கு நிறமும் பிடிக்கவில்லை. உயிரோடு இருந்தவளை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாதவர்கள் இப்போது புள்ளி புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஸ்டுடியோக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எதையும் பெரிதாக மாற்றாமல் இருந்தார்.

"கழுத்து வெறுமையா இருக்கு. கனமா ஒரு சங்கிலி போடலாமா?" என்றார் அப்பா.

"தாராளமா போடலாம் சார். படத்துல செய்கூலி, சேதாரம் கிடையாது."

அப்பா இரட்டை வடம் கேட்டார். அம்மா ஒற்றை வடம் கேட்டபோது ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தவர்.

"அப்புறம், அந்தக் கோட்டை எடுத்திருங்க." அப்பாவின் விரல் புருவத்துக்கு மேலே இருந்த தழும்பில் போய் நின்றது.

மவுஸ் நின்றது. "நான் ஒரு கணக்கு வெச்சிருக்கேன் சார். பரு, வேர்வை, தூங்காத கண்ணு எல்லாம் பத்து நாள்ல தானா போயிரும். அத எடுத்துருவேன். தானா போகாதது அந்த ஆளோடது. அதுல கை வெக்க மாட்டேன்."

"ஆளே போயாச்சு. கோடு மட்டும் எதுக்கு?"

"கதவுல இடிச்சிக்கிட்டா, பாவம்," என்று அத்தை விளக்கினாள். பதினைந்து வருஷமாகத் தெருவில் சொல்லிப் பழகிய வாக்கியம்.

"அந்தக் கதவு உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கு அத்தை," என்றாள் சின்னவள்.

ஆறிப்போன டீக்காக அன்று அப்பா கையிலிருந்து பறந்த டம்ளரை அண்ணனும் பார்த்திருந்தான்.

சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "அம்மாவுக்கு அப்பா நிஜமா போட்டது அது ஒண்ணுதான். அது இருக்கட்டும். சங்கிலிய எடுத்துருங்க."

"நாலு பேர் வந்து போற வீடு," என்றான் அண்ணன். "நீ சும்மா இரு. சார், அப்பா சொன்ன மாதிரியே செஞ்சிருங்க."

வாடிக்கையாளர் சொன்னால் கணக்கு மாறும். கோடு போயிற்று.

படம் கூடத்தில் ஏறியது. துக்கம் கேட்க வந்தவர்கள் கழுத்தைப் பார்த்தார்கள். "ராணி மாதிரி வெச்சிருந்திருக்கீங்க," என்றார்கள். அப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாட்டிய மூன்றாம் நாள் காலையில் படத்துக் கண்ணாடியின் மேல், அம்மாவின் புருவத்துக்கு நேர் மேலே, கண் மையால் சின்னதாக ஒரு கோடு இருந்தது.

அப்பா சமையலறையை எட்டிப் பார்த்தார். சின்னவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால், அது என்ன கோடு என்று பேச வேண்டிவரும். கேட்கவில்லை. துடைக்கிற துணி அந்த வீட்டில் எங்கே இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. சட்டை நுனியால் துடைத்தார்.

மறுநாளும் கோடு இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

சாப்பிட்ட தட்டை எடுத்துவைத்தறியாத மனிதர் இப்போது தினமும் விடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, மனைவியின் முகத்தைத் துடைக்கிறார். மை லேசில் போவதில்லை. இறங்கி வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது. வாய் திறக்காமல் குடித்துவிடுகிறார்.

எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக அதைத் தன் கணவருக்குக் காட்டுகிறாள்.

"நல்லா பாத்துக்குங்க. பொண்டாட்டிய வெச்சிக்கிட்டா இப்படி வெச்சிக்கணும்."