தாகம் ரத்து

ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அந்த ஊரில் அநேகமாக யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. காரணம் ஒரு பள்ளிக்கூடக் கட்டுரை. வாரத்துக்கொரு நல்ல கட்டுரையை நகராட்சி ஒலிபெருக்கியில் வாசிப்பது அங்கே வழக்கம். மொழிப்பாட ஆசிரியை அந்த வாரம் அங்கதம் நடத்தியிருந்தாள். எழுதுகிறவர் சிரிக்கக் கூடாது, கேட்கிறவருக்குத்தான் சிரிப்பு வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததைத் தச்சர் மகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர்ப் பஞ்சத்துக்கு மக்களின் தாகமே காரணம், ஆகவே வெள்ளி முதல் தாகம் ரத்து செய்யப்படுகிறது என்று நகராட்சி ஆணை மாதிரியே எழுதினாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஒலிபெருக்கியில் அதை வாசித்தவர் ஆசிரியையின் கணவர். சாவுச் செய்தியையும் மின்வெட்டையும் ஒரே குரலில் வாசிக்கிற மனிதர், கிண்டல் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். மாணவர் கட்டுரை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார், அதை யார் காதில் வாங்கினார்கள்? அந்தக் குரலை ஊர் நம்பியது. உடம்புகளும் நம்பின.

முதலில் எல்லோருக்கும் நிம்மதிதான். குழாயடிச் சண்டை ஓய்ந்தது. நகராட்சித் தலைவர் தண்ணீர் லாரிகளை நிறுத்திவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். பிறகு தையல்காரர் தைத்துக்கொண்டிருந்தபடியே மெஷின்மேல் கவிழ்ந்து செத்தார். அடுத்தடுத்து பாடைகள் கிளம்பின. செத்தவர்கள் யாரும் ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை. வகுப்பில் சிரித்தவர்களுக்கு மட்டும் தாகம் போகவே இல்லை என்பதை ஆசிரியைதான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து வீடு வீடாகப் போய்க் கட்டுரையை வாசித்துக் காட்டினாள். புரிந்து சிரித்தவர்கள் உடனே குடத்தைத் தேடினார்கள். குடம் காலியாக இருந்தது. ஊருக்கு வெளியே கல்குவாரிப் பள்ளத்துக்கு நடக்க வேண்டும்.

"எம்புள்ள நல்லாத்தானே இருந்தான். சிரிக்க வெச்சு இப்படித் தவிக்க விட்டுட்டியேம்மா" என்றாள் ஒரு தாய்.

ஊருக்கே புரியவைத்தவளால் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க முடியவில்லை. அவர் கன்னம் ஒட்டி, உதடு வெடித்துக் கிடந்தார். ஊற்றிய தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

"ஏங்க, அது கிண்டல்ங்க. சின்னப் பொண்ணு எழுதினது."

"கிண்டல்னா சரி டீச்சர். ஆனா ரத்தை ரத்து பண்ணி ஆர்டர் வரலியே?"

அவள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

கடைசியில் அவருக்குப் பாடம் நடத்தியது தலைவர்தான். தாகத்தை ஒழித்த மக்களுக்கு நன்றி, வரும் வெள்ளி முதல் பசியும் ரத்து என்று நிஜமாகவே ஓர் ஆணை வந்தது. அவர் வழக்கம்போல வாசித்தார். 'பசியும்' என்ற இடத்தில் நின்றார். முதலில் ஒரு கனைப்பு, பிறகு சிரிப்பு. தெருமுனைகளிலிருந்தெல்லாம் அந்தச் சிரிப்பு கொட்டியது, கேட்ட ஜனம் முழுவதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. "டீச்சர், தண்ணி" என்றார், மைக்கிலேயே. வீட்டில் மிச்சமிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள். முழுக் குடத்தையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டார். குவாரி தூரம். மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது. சிரித்த முகம் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். அது பொய். தவித்த முகம்தான்.

நகராட்சிக்கு வேறு குரல் கிடைத்தது, அது சிரிக்காமல் ஆணையை வாசித்து முடித்தது. வெள்ளிக்கிழமை பசி போயிற்று. அடுத்த வாரம் பெரியவர்களே பள்ளிக்கூடத்துக்கு வந்து, சின்ன பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். ஆசிரியை முகத்தில் சலனமில்லாமல் பசி ரத்து ஆணையை வாசித்தாள். பிறகு தையல்காரர் மனைவி லேசாகச் சிரித்தாள். சிரித்த கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆசிரியை அவள் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.