இரண்டு பிரதிகளின் கடைசிப் பக்கம்

வசீலா இரண்டு பிரதிகளின் கடைசிப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. சிக்கலே அதுதான்.

துனிசியாவுக்கும் இத்தாலிக்கும் இடையிலான மீன்பிடி ஒப்பந்தம். பிரதி இரண்டு, ஒவ்வொன்றிலும் அரபியும் இத்தாலியமும். துனிசியா வைத்துக்கொள்ளும் பிரதியில் துனிசியா முதலில் வரவேண்டும், இத்தாலியின் பிரதியில் இத்தாலி. யாரும் யாருக்கும் இளைத்தவரில்லை என்று காட்ட நாடுகள் வைத்திருக்கும் முறை அது. அரபி வலமிருந்து ஓடும் எழுத்து என்பதால், துனிசியப் பிரதியில் துனிசிய அதிகாரியான வசீலா தன் அமைச்சர் கையெழுத்திட வலப்பக்கம் இடம் விட்டிருந்தாள். இத்தாலியத் தூதரகத்தின் பல்தஸாரே, தங்கள் எழுத்து ஓடும் வழக்கப்படி, இத்தாலியப் பிரதியில் தன் அமைச்சருக்கு இடப்பக்கம் விட்டிருந்தார். இருவரும் செய்தது சரிதான். ஆனால் இரண்டு பிரதியிலும் இத்தாலி இடம், துனிசியா வலம் என்று வந்துவிட்டது.

"நாளைக்கு உங்க பத்திரிகைக்காரன் என்ன எழுதுவான் தெரியுமா மேடம்? ரெண்டு பிரதியிலயும் நாங்கதான் முதல்னு எழுதுவான்," என்றார் பல்தஸாரே.

"உங்க ஆளு மட்டும் சும்மா இருப்பானா ஸார்? அவனும் அதையேதான் எழுதுவான்."

"ஒரு பிரதியில பக்கத்தை மாத்திடலாமா?"

"எதை மாத்துவீங்க? எங்க பிரதியில நாங்க இடப்பக்கம் போனா, அரபியில படிக்கிறவனுக்கு நாங்க ரெண்டாவது."

"சரி, மொழிக்கு ஒரு கையெழுத்துப் பக்கம்?"

"அதைக் காலையிலேயே சட்டத்துறை வேண்டாம்னுட்டாங்க. எந்தக் கையெழுத்து செல்லும்னு நாளைக்கு வழக்கு வருமாம்."

பிற்பகல் மணி இரண்டு. ஒப்பந்தத்தை ஒப்புநோக்கும் அறையின் கதவு வெளியே பூட்டியிருந்தது. இரு தரப்பும் சரியென்று சொல்லி முத்திரை வைக்கும்வரை காகிதம் வெளியே போகக்கூடாது. அதனால் அவர்களும் போகமுடியாது. கைப்பேசிகள் காவலரிடம். கம்பி போட்ட ஜன்னல் வழியே காற்றுகூட வரவில்லை. ஐந்து மணிக்கு இத்தாலிய அமைச்சர் ஊர் திரும்பும் விமானம். இன்று தவறினால் அடுத்த தேதி அவர்கள் தேர்தலுக்குப் பிறகுதான்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பிரிவை வசீலா மனப்பாடமாகவே சொல்வாள்: கையெழுத்தாகும் நாளில், பிடித்துவைத்த படகுகளை இரு தரப்பும் விட்டுவிடவேண்டும். துனிசியாவின் மஹ்தியாவிலிருந்து போன ஒரு படகு, ஏழு பேரோடு, நாற்பத்தொரு நாளாக ஒரு சிசிலித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. அதில் ஒருவன் அவள் தம்பி ஃபவ்ஸி. விசா இல்லாததால் கரையில் கால்வைக்கவும் அனுமதியில்லை. அன்று காலை போனில் சொன்னான்: "அக்கா, ஹரிஸ்ஸா தீர்ந்துபோச்சு. உறைப்பே இல்லாம பாஸ்தா போடுறானுங்க. இதுக்குப் பேசாம ஜெயில்லயே போட்டிருக்கலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

இதை அலுவலகத்தில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே இந்த வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள்.

பல்தஸாரே சலிப்போடு பக்கத்திலிருந்த கோப்பைப் புரட்டினார். அந்த மஹ்தியா படகுக்காரர்கள் அனுப்பிய மனு வெளிப்பட்டது. வலப்பாதி அரபி, இடப்பாதி இத்தாலியம். நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு கையெழுத்துகள், எதிரே இரு எழுத்திலும் பெயர்கள்.

"இந்த ஷுக்ரிதான் கேப்டனா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுல கேப்டன்னு எழுதலியே."

"மேல இருக்காரே மேடம்! கேப்டன் பின்ன அடியிலயா போடுவார்?"

அவர் விரல் ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கி, ஐந்தாவதில் நின்றது. ஃபவ்ஸி கெர்கெனி. அவர் கண் அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டைக்குப் போயிற்று. வசீலா கெர்கெனி.

பல்தஸாரே மனுவை மெல்லக் கோப்புக்குள் வைத்து மூடினார். "அச்சு இயந்திரத்துல தாள் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் அவளுக்கும் விளங்கிவிட்டது. கடைசித் தாள் இன்னும் தைக்கப்படவில்லை. அதை மட்டும் புதிதாக அடித்தால் போதும். அரபி வலமிருந்து ஓடட்டும், இத்தாலியம் இடமிருந்து ஓடட்டும்; இரண்டும் மேலிருந்துதான் கீழே இறங்குகின்றன. துனிசியப் பிரதியில் துனிசிய அமைச்சர் மேலே, இத்தாலிய அமைச்சர் கீழே கையெழுத்திடுவார்கள். இத்தாலியப் பிரதியில் இத்தாலிய அமைச்சர் மேலே, துனிசிய அமைச்சர் கீழே.