பக்கத்து ஊருக்கு எட்டாத கம்பம்

அண்ணன் கிளப் கட்டடத்து மொட்டைமாடியில் ஆன்டெனாக் கம்பத்தை நிமிர்த்திவிட்டு, உலகத்தையே தூக்கி நிறுத்தினவன் மாதிரி மூச்சு வாங்கினான். முப்பத்தைந்து அடி. கட்டட கான்ட்ராக்டர் அல்லவா, உயரமாக எதையாவது எழுப்பாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. பொழுதுபோக்காக வானொலியில் ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேசும் ஹாம் ரேடியோ கிளப்பின் தலைவரும் அவனேதான். பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை செயலாளர். அதாவது, அவன் இழுத்துவிடும் வம்பையெல்லாம் சரிக்கட்டுகிறவள்.

ஹாம் கிளப்புகளுக்கான வருஷாந்தரப் போட்டி வந்தது; அதில் முந்நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்களோடு பேசினால்தான் புள்ளி. அதைத் தாண்டினால், சந்திரனிலிருந்தே பதில் வந்தாலும் சைபர். போன வருஷம் இவர்கள் கடைசி. இந்த முறையும் கடைசியென்றால் கிளப் அறையைச் செஸ் கிளப்புக்குக் கொடுத்துவிடுவதாகக் கட்டடத்தின் சொந்தக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த அறையை விட்டால் அவளுக்கு ரேடியோ வைக்க வேறு இடமில்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி கிடையாது.

"அண்ணே, இந்தப் போட்டிக்குத் தாழ்வா ஒரு ஒயர் போதும். சிக்னல் நேரா மேல போய், வானத்துல பட்டுத் திரும்பி நம்மளச் சுத்தியே விழும். உன் கம்பம் பக்கத்து ஊரைத் தாண்டி எங்கயோ கொண்டுபோய்ப் போடும்."

"துணி காயப்போடவா? நாலு பேர் பாத்தா சிரிப்பாங்க."

சிரிப்பார்களாம். இவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டுச் சுவருக்கும் நடுவே அவளே ஒரு ஒயரைக் கட்டினாள். போட்டியன்று காலையில் பார்த்தால் அது சுருட்டி மூலையில் கிடந்தது. கம்பத்தோடு போட்டோ எடுத்தபோது குறுக்கே தெரிந்ததென்று அண்ணன் அவிழ்த்துவிட்டானாம்; திரும்பக் கட்ட நேரமில்லை.

பிறகு அண்ணன் மைக்கைப் பிடித்தான். தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்து ஊர்க்காரர்கள் இரைச்சலுக்குள் முனகினார்கள், இவன் கூப்பிட்டது ஒருவர் காதிலும் விழவில்லை. அந்தி சாயும் நேரத்தில் கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் மணிமணியாகப் பதில் சொன்னார். உங்கள் சிக்னல் பிரமாதம் என்றார். அவ்வளவுதான், அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டி முடியும்வரை அவரோடு மழை, வெயில் என்று பேசிக்கொண்டிருந்தான். ஒரு புள்ளிக்கும் ஆகாத பேச்சு. இப்படி ஒரு மடையனோடு கூடப் பிறந்தோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வேறென்ன, கடைசி இடம்தான். செஸ்காரர்கள் மேசைகளோடு வந்து நின்றார்கள்.

"விடு," என்றான் அண்ணன். "கம்பத்தை என் வீட்டு மாடில நட்டுக்கறேன். அங்க இன்னும் உயரம் கெடைக்கும்."

"உனக்கு மாடி இருக்கு. நான் என் ரேடியோவை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அண்ணன் கையை உயர்த்தி அவளைச் சற்றுப் பொறுக்கச் சொன்னான். போனில் ஆட்களை வரச்சொல்லிக்கொண்டிருந்தான். "பாத்து எறக்கணும்பா, சின்னக் கீறல் விழுந்தாலும் எனக்கு மனசு தாங்காது."