தோலால் குடிக்கும் உயிர்

கடையின் மூலையில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாலு, இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் வைத்திருந்தாள். அது வளர்ப்பு மீனும் தவளையும் விற்கும் அவளுடைய அப்பாவின் கடை. அப்பாவின் அக்காவான அத்தை, சிறுவர் அறிவியல் கூடத்தில் வழிகாட்டி. பிள்ளைகள் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு புதிய பிராணி தேடித் தம்பியின் கடைக்கு வந்திருந்தாள். கூடத்தில் இருந்த மரத்தவளை போன மாதம் செத்துவிட்டது.

“இந்தத் தடவை கெட்டி ஆளாப் பாருக்கா. உன் பிள்ளைங்க கையில யானையே தாங்காது,” என்றான் தம்பி. “தவளை தன் வாயால கெடும்பாங்க. அது பாவம், வாயே திறக்கல.”

அத்தை தொட்டிகளைப் பார்த்தாள்.

மரத்தவளையைக் கடைசியாகக் கையில் ஏந்தியவள் வாலுதான். மறுநாள் அது விறைத்துக் கிடந்ததைக் கேட்டு, “நான்தான் அழுத்திட்டேன்” என்று தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் கடையில் ஒரு மீனுக்குக்கூட அவள் இரை போடவில்லை.

வாலு அழுத்தவே இல்லை என்பது அத்தைக்குத் தெரியும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. உடம்பில் படும் ஈரத்தைத் தோலே உறிஞ்சிக்கொள்ளும். மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான். அந்தத் தோலில் எது பட்டாலும் உள்ளே போய்விடும். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அலுக்காமல் இதைச் சொல்கிறவள், ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்த அன்று, வாலு உட்பட வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளின் கைகளிலும் சானிடைசரைப் பீய்ச்சிவிட்டு, காய்வதற்குள் தவளையைக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு நோய் ஒட்டக்கூடாது என்ற ஒரே நினைப்பு. செத்த தவளையின் வயிறு சிவந்திருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதற்குள் வாலு பழியை ஏற்றுக்கொண்டிருந்தாள். அத்தை அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

தம்பி மண் நிறத் தேரை ஒன்றைக் காட்டினான். “கல்லுக்குள்ள தேரைன்னு சும்மாவா சொன்னாங்க? இது எதையும் தாங்கும்.”

நல்ல தேர்வுதான். தடித்த தோல், சீக்கிரம் உலராது. துள்ளி ஓடாது. போட்டதைத் தின்னும். அத்தை ஒரு புழுவைப் போட்டாள். தேரை நாக்கை வீசிப் பிடித்து, கண்ணை இறுக மூடி விழுங்கியது.

“கண்ணு ஏன் உள்ள போகுது?” மூலையிலிருந்து குரல் வந்தது.

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கண்ணு ரெண்டும் வாய்க்குள்ள இறங்கி, புழுவைத் தொண்டைக்குத் தள்ளுதுடா. நாம நாக்கால தள்ளுறோம்ல, அது மாதிரி. கையில வாங்கிப் பாக்குறியா?”

“வேணாம் அத்தை. நான் தொட்டா செத்துடும்.”

“இது சாகாதுடி,” என்றான் தம்பி. “அதுக்குத்தானே இதை எடுக்கிறோம்.”

ஆமாம், அதற்குத்தான். தன் தப்பையும் தாங்கிக்கொள்ளும் ஒன்றைத்தான் அத்தை தேடி வந்திருந்தாள். இது பிழைத்துக் கிடந்தால், மரத்தவளை எதனால் செத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

“நீ அழுத்தல,” என்றாள் அத்தை. “நான் உங்க கையில ஊத்தின சானிடைசர்தான் அதைக் கொன்னுது.”

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

“எப்ப தெரியும்?” என்று கேட்டாள் வாலு.

“மறுநாளே.”

“நான் அழுதப்ப பக்கத்துலதானே இருந்தீங்க?”

“இருந்தேன்.”

வாலு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். “இதை எப்படித் தொடணும்?”

“வெறும் தண்ணில கையை நல்லா அலசி, ஈரத்தோட. தொட்டப்புறம் சோப்பு போட்டுக் கழுவணும், அதுக்குக் காதுக்குப் பின்னாடி விஷம் இருக்கு.”

வாலு பையிலிருந்து கைகளை எடுத்து, குழாயடியில் நெடுநேரம் அலசினாள். பிறகு நகர்ந்து நின்றாள்.

“நீங்களும்.”

அத்தை அலசிவிட்டு நீட்டினாள். வாலு அந்தக் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக முகர்ந்து பார்த்தாள்.

“இன்னும் வாசனை வருது,” என்றாள். “மறுபடி கழுவுங்க.”